பயிற்சிக்குப் போன இடத்தில் கம்பி எண்ணச் சொல்கிறார்கள்

கேள்வியின் சுருக்கம் இது. சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு முடித்த மாணவர் ஒருவர், கோடை விடுமுறையில் இரண்டு மாதப் பயிற்சிக்காகப் பெருநகரம் ஒன்றின் நடுவே எழும்பும் அடுக்குமாடிக் கட்டடத்தில் சேர்ந்திருக்கிறார். காலையில் கம்பி எண்ணச் சொல்கிறார்கள். மாலையில் வரைபடங்களை அடுக்கச் சொல்கிறார்கள். யாரும் உட்காரவைத்து எதையும் சொல்லித் தருவதில்லை. கூடப் படித்த நண்பருக்கோ வடிவமைப்பு அலுவலகத்தில் குளிர்சாதன அறையும் கணினியும் கிடைத்திருக்கின்றன. "இரண்டு மாதமும் வீண்தானா?" என்று கேட்கிறார்.

வீண் இல்லை. உங்களுக்குக் கிடைத்த இடம் நண்பருடையதைவிட நல்ல இடம் என்றே சொல்வேன். கட்டுமானத் தளத்தில் பொறியாளராகப் பல ஆண்டுகள் இருந்து, பயிற்சி மாணவர்களை மேய்த்த பழக்கத்தில் சொல்கிறேன்: சொல்லித் தர யாரும் வரமாட்டார்கள். அலட்சியம் காரணமல்ல, கான்கிரீட் வண்டி வாசலில் நிற்கும்போது எவருக்கும் பாடம் நடத்த நேரம் இருக்காது. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் நீங்களாகவே பொறுக்கிக்கொள்ளலாம். அதற்குத்தான் இந்த நீண்ட பதில்.

முதலில் கம்பி. எண்ணிக்கை சரியா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்தால் சலிப்பு வரத்தான் செய்யும். 16 மி.மீ. கம்பி ஒரு மீட்டர் என்ன எடை என்று மேஸ்திரியைக் கேட்டுப் பாருங்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்து, 1.58 கிலோ என்று நின்ற இடத்திலேயே சொல்வார். அந்த 162 எங்கிருந்து வந்தது என்பதை அன்று இரவே நீங்கள் கண்டுபிடித்துவிடலாம். எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ. வட்டப் பரப்பின் சூத்திரத்தோடு சேர்த்து மில்லிமீட்டருக்கு மாற்றினால் அந்த எண் வந்து நிற்கும். கல்லூரியில் படித்தது தளத்தில் இப்படித்தான் வேறு உடையில் நடமாடிக்கொண்டிருக்கும்.

அடுத்து, தூணைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் கொக்கியைப் பாருங்கள். முனை 135 டிகிரிக்கு மடங்கி, தூணின் உட்புறக் கான்கிரீட்டுக்குள் பாய்ந்திருக்க வேண்டும். 90 டிகிரியில் விட்டுவிட்டால் பார்வைக்கு அழகாக இருக்கும், கட்டுவதும் எளிது. ஆனால் நிலநடுக்கத்தில் மேலுறைக் கான்கிரீட் உதிர்ந்துபோனால் அந்தக் கொக்கி விரிந்துகொடுத்துவிடும். பிறகு நெடுக்குக் கம்பிகளைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. அவை வெளியே வளைந்து புடைக்கும். மடக்கும் தொழிலாளிக்குக் கூடுதலாகச் சில விநாடி வேலை, அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்தடுத்த கம்பிகளின் ஒட்டு எல்லாம் ஒரே மட்டத்தில் வந்துவிட்டதா, முன்னும் பின்னுமாக மாறி வந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்; மாறி வருவதுதான் சரி.

தளக் கூரையில் நான் மாணவர்களை முதலில் நிறுத்துவது பால்கனி ஓரத்தில். பால்கனி சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் இழுவிசை மேற்பக்கத்தில் வரும். ஆகவே கம்பியும் மேலே இருக்க வேண்டும். 150 மி.மீ. கனமுள்ள கான்கிரீட் பலகத்தில் (ஸ்லாப்), மேல் கம்பியின் மையம் அடிப்பரப்பிலிருந்து 125 மி.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கான்கிரீட் போடும் அன்று பத்துப் பேர் அதன் மேல் பூட்ஸ் காலோடு நடக்கிறார்கள். மேல் கம்பியைக் கீழிருந்து தாங்க நாற்காலிபோல் வளைத்து வைக்கும் 'சேர்' கம்பிகள் குறைவு. கம்பி 25 மி.மீ. அமுங்கி 100-க்கு இறங்கிவிட்டால், பலகத்தின் வளைவுத் தாங்குதிறன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். வரைபடத்தில் பிழை இல்லை, கம்பியின் எண்ணிக்கை சரி, கான்கிரீட்டின் தரமும் சரி. ஆனாலும் பால்கனி பலவீனம். கான்கிரீட் மூடிய பிறகு இதைச் சாதாரணக் கண்ணால் எவராலும் பார்க்க முடியாது. பார்க்க முடிகிற கடைசி மணி நேரத்தில் அங்கே நிற்கும் ஆள், பெரும்பாலும், கம்பி எண்ண அனுப்பப்பட்ட பயிற்சி மாணவர்தான்.

கான்கிரீட் பற்றியும் கொஞ்சம். கலவை எவ்வளவு இளகலாக இருக்கிறது என்று பார்க்கும் ஸ்லம்ப் சோதனையைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்திருப்பீர்கள்: 300 மி.மீ. உயரக் கூம்பு, மூன்று அடுக்கு, அடுக்குக்கு 25 குத்து. தளத்தில் அதையே செய்யும்போது பக்கத்தில் லாரி ஓட்டுநர் பொறுமையிழந்து நின்றுகொண்டிருப்பார். நகர நெரிசலில் ஊர்ந்து வந்த வண்டியில் கலவை இறுகத் தொடங்கியிருக்கும். "ஒரு வாளி தண்ணீர் விட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். சரியாகத்தான் தெரியும், பம்பில் சுகமாக ஓடும். சிகாகோவில் டஃப் ஏப்ரம்ஸ் 1918-இல் வெளியிட்ட ஆய்வு முடிவு, தண்ணீருக்கும் சிமென்டுக்கும் உள்ள விகிதம் கூடக்கூட வலிமை குறைகிறது என்பது. ஒரு நூற்றாண்டு கடந்தும் அந்த வாளி ஒழியவில்லை. வண்டியோடு வரும் சலானில் கலவை போட்ட நேரம் அச்சிட்டிருக்கும். வண்டி வந்த நேரத்தையும் கொட்டி முடித்த நேரத்தையும் அதன் பக்கத்தில் எழுதிவையுங்கள். பிற்பாடு 28 நாள் சோதனையில் ஏதேனும் க்யூப் (வலிமையைச் சோதிக்க வார்த்தெடுத்த கான்கிரீட் கட்டி) தோற்றால், எல்லோரும் அந்தத் தாளைத் தேடிக்கொண்டு வருவார்கள்.

இதெல்லாம் சிறிய ஊர்த் தளத்திலும் பார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம். பெருநகரத் தளத்தில் மட்டுமே கிடைக்கும் பாடம் வேறு. பாடப்புத்தகக் கணக்கில் கட்டடம் எப்போதும் வெட்டவெளியில் நிற்கும். நான்கு பக்கமும் காலி, கீழே ஒரே சீரான மண். பெருநகரத்தில் அப்படி ஒரு மனை கிடையாது. இடப்பக்கம் பழைய கட்டடம், வலப்பக்கம் சாலை, அடியில் கழிவுநீர்க் குழாயும் மின்கேபிளும், சில இடங்களில் சுரங்க ரயில். உங்கள் கட்டடத்தின் வடிவத்தைப் பாதி தீர்மானிப்பவர்கள் அக்கம்பக்கத்தார்.

இதற்கு நியூயார்க்கின் சிட்டிகார்ப் சென்டரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1977-இல் திறந்த 59 மாடிக் கட்டடம். மனையின் ஒரு மூலையில் ஒரு தேவாலயம் இருந்தது. நிலத்தை விற்கத் தேவாலயத்தார் ஒப்புக்கொண்டார்கள், ஆனால் ஒரு நிபந்தனை: அதே மூலையில் புதிய தேவாலயம் வேண்டும், அதற்குள் உங்கள் தூண் எதுவும் இறங்கக் கூடாது. மூலையில் தூண் வைக்க வழியில்லை என்றானதும், கட்டமைப்புப் பொறியாளர் வில்லியம் லெமெஷர் நான்கு தூண்களையும் நான்கு பக்கங்களின் நடுவில் நிறுத்தினார். ஒன்பது மாடி உயரத் தூண்கள். அவற்றின் மேலும் நடுவில் உள்ள மையப்பகுதியின் மேலும்தான் மொத்தக் கோபுரமும். பாரத்தை நடுத்தூண்களுக்குக் கொண்டுவர, பக்கங்களில் V வடிவத்தில் பெரிய எஃகுச் சட்டங்கள். அண்டை வீட்டுக்காரர் போட்ட ஒரு நிபந்தனை கட்டடத்தின் எலும்புக்கூட்டையே மாற்றிவிட்டது.

விவகாரம் அதன் பிறகு. காற்று ஒரு முகத்தில் நேராக மோதுவதாக வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். அன்றைய விதிகளும் அதைத்தான் கேட்டன. சாதாரணக் கட்டடத்துக்கு அது போதும். தூண்கள் நடுவில் நிற்கும் இந்தக் கட்டடத்திலோ, மூலை வழியாகக் குறுக்காக வீசும் காற்று சில சட்டங்களில் விசையை 40 சதவீதம் கூட்டியது. போதாததற்கு, பற்றவைக்க வேண்டிய இணைப்புகளை, செலவும் நேரமும் மிச்சம் என்று போல்ட் இணைப்புகளாக மாற்றியிருந்தார்கள். அந்த இணைப்புகளில் விசை 160 சதவீதம் கூடும் என்று மறுகணக்கு சொன்னது. 40 எப்படி 160 ஆனது? உங்களுக்குப் புரிகிற மாதிரி எண்களை நானே வைக்கிறேன். காற்று இணைப்பை 100 அலகு இழுக்கிறது. கட்டடத்தின் எடை 75 அலகு அழுத்துகிறது. இணைப்பு தாங்க வேண்டிய நிகர இழுவிசை 25. இப்போது காற்று 140 ஆகிறது. எடை அதே 75. நிகரம் 65. அதாவது 25 இருந்த இடத்தில் 65; உயர்வு 160 சதவீதம். இரண்டு பெரிய எண்களின் கழித்தலில் மிஞ்சும் சிறிய எண்ணை நம்பி எதையும் வடிவமைக்கும்போது கை நடுங்க வேண்டும் என்பதை இந்த ஒரு கணக்கு கற்றுத்தரும்.

இந்தக் கதை உங்களுக்கு ஏன் வேண்டும் என்றால், மறுகணக்கைத் தூண்டியது ஒரு மாணவரின் கேள்வி என்று லெமெஷரே பிற்பாடு சொன்னார். அந்த மாணவர் யார் என்பதில் பின்னாளில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் அடிபட்டன, அது கிடக்கட்டும். 1978-இல் இரவு நேரங்களில் இணைப்புகளின் மேல் ஐந்து செ.மீ. கனமுள்ள எஃகுத் தகடுகளைப் பற்றவைத்தார்கள். பொதுமக்களுக்கு விஷயம் தெரியவந்தது 1995-இல்தான். இத்தனை ஆண்டுகள் மறைத்ததைச் சாமர்த்தியம் என்று புகழ்பவர்கள் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டேன். அதன் நிழலில் தினமும் நடந்துபோனவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் தளத்துக்கு வருவோம். அடித்தளக் குழி தோண்டும் கட்டத்தில் வேலை இருந்தால், தினமும் கருவிகளின் அளவைக் குறித்துவரச் சொல்வார்கள். குழியைச் சுற்றியுள்ள சுவர் உள்பக்கம் எவ்வளவு சாய்கிறது, நிலத்தடி நீர் எவ்வளவு இறங்குகிறது, பக்கத்துக் கட்டடத்தின் விரிசலில் ஒட்டிய அளவுகோல் நகர்ந்திருக்கிறதா என்பவை. நீர் இறங்குவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நம் குழி உலர வேண்டும் என்று பம்ப் வைத்து இறைத்தால், மதிலுக்கு வெளியே இருக்கும் நீர்மட்டமும் சேர்ந்து இறங்கலாம். களிமண்ணாக இருந்தால் மண் அமுங்கி, அண்டை வீட்டின் தரை இறங்கும். அவர்கள் வந்து கேட்கும்போது உங்கள் கையில் இருக்கும் அளவுத்தாள்தான் பேசும்.

சிங்கப்பூரில் 2004 ஏப்ரல் 20 அன்று, சர்க்கிள் லைன் மெட்ரோவுக்காகத் தோண்டிய ஆழமான குழி சரிந்து, பக்கத்தில் ஓடிய நிக்கோல் நெடுஞ்சாலையையும் இழுத்துக்கொண்டு போனது. நான்கு பேர் இறந்தார்கள். குழியின் இரு சுவர்களையும் தாங்கிய எஃகு முட்டுகளின் இணைப்புகள் போதிய வலிமையோடு வடிவமைக்கப்படவில்லை. அங்கே கருவிகள் இல்லாமல் இல்லை. சுவர் அனுமதித்த அளவைத் தாண்டி நகர்வதை அவை காட்டியிருந்தன. அளவு தாண்டியபோது, வேலையை நிறுத்தாமல், கணக்கைத் திருத்தி வரம்பை உயர்த்திக்கொண்டே போனார்கள். ஆகவே, நேற்று 18 மி.மீ., இன்று 21 மி.மீ. என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். எச்சரிக்கை வரம்பு எவ்வளவு, அதை வைத்தது யார், அது கடைசியாக எப்போது மாறியது என்று கேளுங்கள். ஒரு வரைபடத் தாளில் நாள்வாரியாகப் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால், கோடு படுக்கிறதா எழும்புகிறதா என்பது எந்த மென்பொருளும் இல்லாமலே தெரியும்.

தலைக்கு மேலே டவர் கிரேனையும் கவனியுங்கள். பொருள் இறக்கிவைக்க இடமில்லாத தளத்தில் கிரேனின் நேரம்தான் எல்லாவற்றிலும் அரிது. கம்பி, சென்ட்ரிங், முட்டு எல்லாம் அதற்காக வரிசையில் நிற்கும், சண்டையும் அங்கேதான் நடக்கும். அண்டைக் கட்டடங்கள் நெருக்கமாக இருந்தால், கைநீட்டி நிற்கும் வகைக்குப் பதிலாக, கையைத் தூக்கி மடக்கும் வகைக் கிரேனை வைத்திருப்பார்கள். வேலை முடிந்த இரவில் கிரேன் தானாகத் திரும்புவதைப் பார்த்துப் பதறவேண்டாம். காற்றின் போக்கில் சுழலட்டும் என்று வேண்டுமென்றே பிரேக்கை விடுவித்துவிட்டுப் போவார்கள். பிடித்து நிறுத்தினால் காற்றின் முழு வேகமும் கம்பத்தின் மேல் ஏறும்.

இனி, நீங்கள் அலுத்துக்கொண்ட வரைபட அடுக்கல். பழைய ரிவிஷனை (வரைபடத்தின் முந்தைய திருத்தப் பதிப்பை) எடுத்துவிட்டுப் புதியதை வைப்பதோடு நிறுத்தாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, எது மாறியது, ஏன் மாறியது என்று தேடுங்கள். கான்சாஸ் சிட்டியின் ஹயாட் ரீஜன்சி ஹோட்டலில் 1981 ஜூலை 17 அன்று தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் மாண்டதற்குப் பின்னால் இருந்தது அத்தகைய ஒரு சிறிய மாற்றம்தான். மூல வடிவமைப்பில், கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி நான்காம் தளப் பாதையையும் இரண்டாம் தளப் பாதையையும் தனித்தனியே தாங்கியது. அவ்வளவு நீளத்துக்கு மரை வெட்டுவது தொல்லை என்று, அதை இரண்டு கம்பிகளாக மாற்றினார்கள். கீழ்ப்பாதை கூரையிலிருந்து தொங்காமல் மேல்பாதையின் உத்தரத்திலிருந்து தொங்கியது. மேல் உத்தரத்துக்கு அடியில் இருந்த நட்டு இரண்டு பாதைகளின் பாரத்தையும் ஏற்க வேண்டியதாயிற்று. ஷாப் டிராயிங்கில் (பாகங்களைச் செய்வதற்காக வரையும் விவர வரைபடத்தில்) அது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரியே இருந்தது. ஒப்புதல் முத்திரையும் விழுந்தது.

கேள்வி கேட்பது எப்படி என்று இப்போது சொல்கிறேன்; மாணவர்கள் தடுமாறுவது அதிகமும் இங்கேதான். "சார், அந்தக் கம்பி சரியில்லை போலத் தெரிகிறது" என்று போனால், "போய் வேலையைப் பார்" என்பதுதான் பதிலாக வரும். "ஐந்தாம் தளம், சி-4 தூணுக்கு மேற்கே, வரைபடத்தில் 150 மி.மீ. இடைவெளி, நான் நான்கு இடங்களில் அளந்தேன், 190 முதல் 210 வரை இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள், கையில் இருக்கும் தேநீரை வைத்துவிட்டுக் கூடவே எழுந்து வருவார். இடம், வரைபட எண், ரிவிஷன், அளந்த எண் ஆகிய நான்கும் இல்லாமல் யாரிடமும் போகாதீர்கள். நீங்கள் சொன்னது தவறாகவே இருந்தாலும் மதிப்பு குறையாது. அதேபோல, மேஸ்திரிகளையும் போர்மேனையும் கூட்டத்தின் நடுவே திருத்தாதீர்கள். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவரிடம் "இது ஏன் இப்படி, எனக்கு விளங்கவில்லை" என்று தனியே கேட்டால், அவர் திருத்த வேண்டியதைத் திருத்துவார், உங்களுக்குத் தெரியாததையும் சொல்வார். சில நேரம் அவர் செய்ததே சரி, வரைபடம்தான் பழையது என்பதும் வெளிவரும்.

பாதுகாப்பில் மட்டும் இந்தப் பணிவு வேண்டாம். தூக்கப்படும் சுமைக்குக் கீழே நிற்காதீர்கள், எவர் கூப்பிட்டாலும். தடுப்பு இல்லாத விளிம்புக்கு அருகே பெல்ட் மாட்டாமல் போகச் சொன்னால், மாட்டேன் என்று சொல்லுங்கள். பயிற்சிக்கு வந்தவர் தன்னை வேலை தெரிந்தவராகக் காட்டிக்கொள்ளும் ஆசையில்தான் அதிகம் அடிபடுகிறார்.

தங்கும் இடம் பற்றி ஒரே வரி: வசதி குறைவானாலும் தளத்துக்குப் பக்கத்தில் தங்குங்கள். பகலில் லாரிகளுக்குத் தடை உள்ள நகரங்களில் பெரிய கான்கிரீட் வேலை இரவில்தான் நடக்கும். பார்க்க வேண்டியதெல்லாம் கடைசிப் பேருந்து போன பிறகுதான் ஆரம்பமாகும்.

நண்பரின் வடிவமைப்பு அலுவலகத்தைக் குறைத்துப் பேசவில்லை. அவர் கற்கும் மென்பொருள் வேலை தேடும்போது உதவும். உங்களுக்கும் என்றோ ஒரு நாள் அது வேண்டும். ஆனால் திரையில் 150 மி.மீ. பலகத்தில் இரண்டு அடுக்குக் கம்பி, மின்குழாய், தூணின் கம்பிகள் எல்லாம் எவ்வளவு எளிதாக அடங்கிவிடுகின்றன! நேரில் அந்தச் சந்திப்பில் விரல் நுழைய இடமிருக்காது. கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசி எங்கே நுழையும்? இதைக் கண்ணால் பார்த்தவர் பிற்காலத்தில் வரையும் வரைபடமே வேறு. முடிந்தால் ஒரு விடுமுறை நாளில் இருவரும் இடம் மாறிப் பாருங்கள்.

மீதமுள்ள வாரங்களுக்கு ஒரு யோசனை. தூண் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் நீங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பி கட்டுவது, சென்ட்ரிங் நிறுத்துவது, கான்கிரீட் வண்டியின் சலான், ஸ்லம்ப், ஏழு நாள் க்யூப் முடிவு, சென்ட்ரிங்கைப் பிரித்த பின் தூணின் முகம் எப்படி இருந்தது என்று முழு வரலாற்றையும் எழுதுங்கள். அதன் மேல் எத்தனை தளப் பாரம் வரும் என்று கையால் கணக்குப் போட்டு, வடிவமைப்பாளர் எடுத்த எண்ணோடு ஒப்பிட முடியுமா என்று கேளுங்கள். பொதுவாக இதற்கு யாரும் மறுப்பதில்லை. கல்லூரிக்குக் கொடுக்கும் அறிக்கையாகவும் அதுவே போதும். நிறுவனத்தின் வரலாற்றையும் இயந்திரங்களின் பட்டியலையும் நகலெடுத்து நாற்பது பக்கம் நிரப்பும் வழக்கத்தைப் பேராசிரியர்கள் நெடுநாளாகச் சகித்துக்கொண்டிருக்கிறார்கள். அறிக்கையில் படமோ வரைபடமோ சேர்ப்பதானால், திட்ட மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதி வரச் சில நாள் ஆகும் என்பதால் கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம்.